மயிலாப்பூரில் எனக்கொரு குழி

எங்கள் கொல்லையில் இருந்த குழியைப் போல் இந்தப் பட்டணத்தில் வேறொன்று கிடையாது என்று மூன்று வருஷம் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். குழி என்றால் வெறும் குழிதான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மயிலாப்பூர் ரயிலேறிய வருஷம், பதுங்குவதற்காக, இரவல் கடப்பாரையால் உள்ளங்கை கொப்புளிக்க நானே ஆறடி ஆழம் தோண்டியது.

யுத்தம் முடிந்தது. எங்கள் பசு சினையாக இருந்தது. அது குழியில் விழுந்துவிடும் என்று என் மனைவிக்குத் தினமும் கவலை. மூடிவிடலாம் என்பாள். நாளைக்கு என்பேன். எதிர்வீட்டு வக்கீல் தம்முடைய குழியை என்றைக்கோ மூடிக் கத்தரி போட்டு, எங்களுக்கும் நாலு காய் கொடுத்தனுப்பினார். இப்படியும் ஒரு மனுஷரா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கொல்லைக் கதவு வழியாக மண் நிறைந்த மாட்டுவண்டி ஒன்று உள்ளே வருகிறது. மனைவியின் ஏற்பாடு. வண்டிக்காரன் முதல் கூடையைத் தூக்கினான். நான் வாயில் பல்பொடியோடு குழிக்குள் குதித்தேன்.

"இன்னா சாமி, உள்ள போய் நின்னுக்கினு கீறே? மேல வா, மண்ணு கொட்டணும்."

"கொட்டக் கூடாது. இது என்னுது."

"யாரு இல்லேன்னது? நான் இன்னா எட்த்துக்கினு போவவா வந்தேன்? குடுக்கத்தானே வந்துகீறேன்!"

நியாயம்தான். இருந்தும் அவன் என்னிடமிருந்து எதையோ பிடுங்க வந்தவனாகவே தெரிந்தான். இரக்கப்பட்டு, "வோணும்னா அந்த மூலைல இதே மாரி இன்னொண்ணு நோண்டித் தரேன்" என்றான்.

"அது வேற குழியப்பா!" என்றேன்.

மனைவி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, அபாயச் சங்கு ஊதினப்போ இதுக்குள்ள ஒரு தரமாவது எறங்கினேளா? என்னைத் தள்ளிட்டு நீங்கதானே மொதல்ல கட்டிலுக்கடியில போய்ப் படுத்துண்டேள்?"

வாஸ்தவம். அன்றைக்குக் குழியில் தவளை இருந்தது. அதற்காக அதை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

இத்தனை சத்தத்தில் பசுவும் எட்டிப் பார்க்க வந்தது. அதன் காலடியில் விளிம்பு சரிந்து, ஒரு கட்டி மண் என் தலையில் விழுந்தது. இன்னும் ஓரடி வைத்தால் பசுவே வந்துவிடும், அதுவும் என் மேல். ஏறப் பார்த்தேன். நான் வெட்டியிருந்த படிகளை மழை எப்போதோ கரைத்துவிட்டிருந்தது. ஏணி வக்கீல் வீட்டில்தான் உண்டு. கேட்டால் தெருவே கூடும்.

"கொட்டுப்பா" என்றேன்.

"இப்ப இது யார்து சாமி?"

"கொட்டேன்யா!"

ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன். கூடை கூடையாக மண் விழ விழ, அதை மிதித்துக்கொண்டு ஏறினேன். பாதியிலேயே வெளியே வந்திருக்கலாம். "நன்னா மிதியுங்கோ, இல்லேன்னா மழைக்கு உள்வாங்கிடும்" என்றாள் மனைவி. மிதித்தேன். மூன்று நடை மண். மத்தியானத்துக்குள் தரை சமமாகிவிட்டது.