ஜெபமணி மகள்

எங்கள் சபை அலுவலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என் உயிரை வாங்கத்தான் வருகிறார்கள். "சார், எங்க தாத்தா செத்த தேதி வேணும்" என்பார்கள். பெயரைக் கேட்டால், "தாத்தான்னுதான் கூப்பிடுவோம்" என்பார்கள். சொத்துப் பங்கு என்றதும்தான் தாத்தா ஞாபகத்துக்கு வருவார். அதுவரை கல்லறையில் முள் மண்டினாலும் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. போடியில் பதினான்கு வருடமாக அடக்கப் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டு இவர்களோடு மாரடிக்கிறேன். போன ஜூன் மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபஷீலா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோதும் நான் எரிச்சலோடுதான் நிமிர்ந்தேன்.

அறுபதைத் தாண்டியவர். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்திப் பாக்கெட்டும் தெரிந்தன.

"அண்ணே, ஒருத்தரை அடக்கம் பண்ணுன தேதி பாக்கணும். ஜெபமணின்னு பேரு. கடைவீதியில ஏலக்கா மண்டி வச்சிருந்தாக."

"எந்த வருசம்?"

"தெரியலண்ணே. ரெண்டாயிரத்துக்கு முன்னாடி."

"வருசம் தெரியாம எங்கிட்டுப் போய்த் தேடுறது? சரி, நீங்க அவருக்கு என்ன முறை வேணும்?"

அவர் குடையை ஓரமாகச் சாய்த்து வைத்தார். "அதத் தெரிஞ்சுக்கத்தாண்ணே வந்திருக்கேன்" என்றார்.

உட்காரச் சொன்னேன்.

மூன்று செவ்வாய்க்கிழமை தேடினோம். நான் வரிவரியாக விரலை ஓட்டுவேன். அவர் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார். கேட்க ஆள் கிடைத்து வெகுநாள் ஆனவர் பேச்சு அது. நிறுத்தினால் எழுந்து போகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்போலப் பேசினார்.

ஜெபமணியின் மூத்த மகள் இவர். அப்பாவின் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மொக்கைச்சாமியோடு, இருபது வயதில் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அந்த ஆள் வேறு மதம், வேறு சாதி, கையில் காசும் கிடையாது. இதற்குமேல் ஒரு அப்பனுக்கு என்ன வேண்டும்? உத்தமபாளையம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இவர் அங்கன்வாடியில் சேர்ந்தார். பிள்ளை இல்லை. "ஊரான் பிள்ளைக எத்தனைக்குச் சோறு ஊட்டியிருப்பேன்! ஒண்ணும் இப்ப எட்டிப் பாக்குறதில்ல" என்று சிரித்தார். மொக்கைச்சாமி இறந்து இரண்டு வருடம். இப்போது வீட்டில் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பாராம். ஆள் பேசுகிற சத்தம் கேட்டால் போதுமாம்.

"போடிக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு. ஒரு தடவை வந்து கால்ல விழுந்திருக்கலாமேம்மா" என்றேன். எனக்கு மனசில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"வைராக்கியம்ண்ணே. அவுக கூப்பிடட்டும்னு நான். நான் வரட்டும்னு அவுக. அப்பறம் பயம் வந்திருச்சு. பேப்பரக்கூடக் கையில தொடமாட்டேன். கண்ணீர் அஞ்சலி பக்கத்துல அப்பா மொகத்தப் பாத்துருவோமோன்னு. டீக்கடையில கெடந்தாக்கூட அந்தப்பக்கம் திரும்பிக்கிருவேன். கடைசியில பஸ்ஸுல ஒரு பொம்பள போற போக்குல சொன்னா, அவரு செத்து வருசம் ஆச்சேன்னு. அது ரெண்டாயிரத்துல, இங்க வர்ற தைரியம் இப்பத்தான் வந்துச்சு."

தம்பி ஜெபராஜ் மண்டியை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். அம்மாவும் இல்லை. கேட்பதற்கு ஒரு மனிதர் மிச்சமில்லை.

"செத்தா பேப்பர்ல போடுவாகல்ல, கீழ மகன், மகள்னு பேரெல்லாம் வருமில்ல? அதுல எம்பேரு இருந்தா, அப்பா என்னைய மகளாத்தான் வச்சிருந்தாகன்னு அர்த்தம். கல்லறைக்குப் போயி இந்தப் பூவ வச்சிட்டு வருவேன். இல்லன்னா, எனக்கு அங்கன என்ன வேலை? இப்பிடியே பஸ் ஏறிருவேன்."

இரண்டு வாரம் அந்தச் செவ்வந்தி வந்த வழியே திரும்பிப் போனது. மொக்கைச்சாமி படத்துக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். மூன்றாவது வாரம் கிடைத்தது. ஜெபமணி, வயது அறுபத்தெட்டு, மரித்த நாள் 9.8.1997, கல்லறை எண் நூற்றுப் பன்னிரண்டு.

விளம்பரம் தேட மதுரையில் பேப்பர் ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அய்யாத்துரை, எங்கள் சபைக்காரர் யாருடைய அஞ்சலி பேப்பரில் வந்தாலும் கத்தரித்து ஒரு பெரிய நோட்டில் ஒட்டிவைப்பார். நான் வந்தபிறகு அந்த நோட்டு முழுவதையும் சரிபார்த்தேன். விடுபட்ட தேதிகளை மற்ற விளம்பரங்களைப் பார்த்துப் பேனாவால் நிரப்பினேன். குறை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

1997 ஆகஸ்டைப் பிரித்தேன். ஜெபமணி கோட்டுப் போட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார். கீழே பெயர்கள். மனைவி. மகன் ஜெபராஜ். மருமகள். பேரன். அவ்வளவுதான்.

நானே இரண்டு தடவை படித்தேன். இல்லை. ஜெபஷீலா அழவில்லை. "சரிண்ணே. ஒங்களுக்குத்தான் வீண் செரமம்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு அந்த ஜெபமணியைக் கல்லறையிலிருந்து எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

நோட்டை மூடப் போனேன். அவர் கை குறுக்கே வந்தது.

"எதுத்த பக்கத்துல இருக்கிற பிள்ள யாருண்ணே?"

"யாரோ சின்னப்பிள்ளைம்மா. பாவம், இருபது வயசுலயே..." சொல்லிக்கொண்டே பெயரைப் படித்தேன். ஜெபஷீலா. இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் படம். நினைவு அஞ்சலி.

"நாந்தாண்ணே அது" என்றார்.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். முதல் அஞ்சலி 1984 மார்ச்சில் வந்திருந்தது. தோற்றம் 12.7.1963, மறைவு 4.3.1984, இப்படிக்கு குடும்பத்தார். மார்ச் நாலு அவர் வீட்டைவிட்டுப் போன நாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மகள் செத்துவிட்டாள் என்று பேப்பரில் போட்டு ஜெபமணி தலை முழுகியிருக்கிறார். அதற்குப்பிறகு 1985 முதல் வருடம் தவறாமல் ஒன்று. எல்லாமே ஜூலை பன்னிரண்டாம் தேதி. மொத்தம் பதிமூன்று.

"என் பொறந்தநாள்ல போட்டிருக்காக" என்றார் ஜெபஷீலா. பிறகு 1997 அஞ்சலியில் விரலை வைத்தார். "மறைவுன்னு இங்கன பேனாவுல எழுதியிருக்கே, இது யாரு எழுதுனது?"

நான்தான். பதிமூன்றிலும் நான்தான். ஜெபமணி தோற்றத்தை மட்டும் போட்டு மறைவை விட்டிருந்தார், ஒரு வருடம்கூட அதைப் போடவில்லை. பேப்பர்காரன் செய்த தப்பு என்று நினைத்து, 4.3.1984 என்று பதிமூன்று தடவை நான் அழகாக எழுதிச் சேர்த்திருக்கிறேன். அடியில் இருந்த வாசகத்தை நான் படித்ததே கிடையாது. அஞ்சலியில் வாசகத்தை யார் படிக்கிறார்கள்? எல்லாம் ஒரே அழுகைக் கவிதை.

இப்போது படித்தேன். அவர் கேட்கச் சத்தமாகவே படித்தேன்.

1985: "மாடி அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. அப்பா."

1989: "தம்பிக்குக் கல்யாணம். வந்தவர்கள் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். அப்பா."

1993: "உங்கள் பக்கம் ஆற்றில் வெள்ளம் என்று கேள்விப்பட்டேன். ஜாக்கிரதை. அப்பா."

செத்தவளுக்கு யாராவது ஜாக்கிரதை சொல்வார்களா? இதைக் கையில் வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்த என்னை எதால் அடிப்பது?

1997, இறப்பதற்கு நாலு வாரம் முன்னால்: "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. வாசல் கதவைத் தாழ்போடச் சொல்வதில்லை. அப்பா."

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஜெபஷீலா அந்தக் காகிதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "எம்பேரு இல்லாத அப்பாவோட சாவு விளம்பரம் தம்பி போட்டதுண்ணே. செத்தவுக எப்பிடி எழுதுவாக? இதுதான் அப்பா எழுதுனது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தேதிய எல்லாம் அடிச்சு விடுங்க. நான் உசுரோடதான இருக்கேன்" என்றார்.

ஸ்கேல் வைத்துப் பதிமூன்றையும் அடித்தேன். ஸ்கேல் நழுவியதில் நாலைந்து கோணலாகப் போய்விட்டன. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு நானும் கூடப் போனேன். சாரல் விடவில்லை. நூற்றுப் பன்னிரண்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. அவரே குனிந்து பிடுங்கினார். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். செவ்வந்தியை வைத்தார். மெழுகுவர்த்தி மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை குடையைக் கல்லறைக்குப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். ஒட்டுக்கேட்கும் எண்ணம் இல்லை. ஆனால் அவர் மெதுவாகவும் பேசவில்லை.

"அப்பா, ஷீலா வந்திருக்கேன். கோவிச்சுக்கிராதீக. ஒங்க மொகத்தப் பாத்துருவேனோன்னு பயந்துதாம்ப்பா, நான் பேப்பரையே தொடல."