வாசலை அடைத்த மூட்டைகள்

மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. இராஜபாளையத்தில் நான் ஏறியதும், ஒரு வியாபாரி பேண்டேஜ் துணி மூட்டைகளை வாசலில் கூரைவரை அடுக்கிவிட்டார். மறு வாசலுக்குப் போகக் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. ஜன்னலிலோ கம்பி. வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் நின்றது. "ஐயா, நான் இறங்கணும்! வேலைக்கு இன்டர்வியூ இருக்கு!" என்றபோது அழுகையே வந்துவிட்டது.

"மதுரைக்குப் போற சரக்கும்மா," என்று முனகியவர், என் முகத்தைப் பார்த்ததும் மூட்டைகளைப் பிளாட்பாரத்தில் உருட்டித் தள்ளினார். நான் இறங்கினேன். அவர் இறங்கித் திரும்ப ஏற்றுவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

"நீங்க போங்க தாயி, நேரமாகுது. நான் அடுத்த வண்டியில போய்க்கிறேன்."

சாயங்காலம் ஊர் திரும்ப ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வண்டி இன்னும் வரவில்லை.

"வேலை கெடச்சிருச்சா தாயி?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். இன்றும் யாரையாவது திட்ட வாயெடுத்தால், அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.