யாட்டிங் போகும் அமீர் அலி

என் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். புதிதாக ஓர் ஆங்கிலச் சொல் படித்தால், அதை வைத்து வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும். பொய் என்று பட்டால் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போடுவேன். நான் பெரிய அரிச்சந்திரன் பாருங்கள்.

அது 1993. சைகோனில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் என்று பலகை மாட்டினால் போதும், கூட்டம் வந்துவிடும். டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்சந்தில், ஒரு மாடியறையில், மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. இருபது பேரும் வியட்நாமியர், நபீசா லாத்தாவைத் தவிர. அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தாவின் வாப்பா நாகூர்க்காரர், உம்மா வியட்நாமியர். மீத்தோவில் பிறந்து வளர்ந்து, நடுவயதில் சைகோன் வந்தவர். எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு, முட்டை வைத்து பான் மீ ரொட்டி விற்றார். ஐம்பத்தைந்து வயதில் ஆங்கிலம் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்.

ஒரு நாள் அவர் எழுந்து, "யாட்டிங்னா என்ன வாத்தியாரே?" என்று கேட்டார்.

எங்கள் புத்தகத்தில் இல்லாத சொல். எனக்குக் குஷி பிறந்துவிட்டது. கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். படகில் போவதுதான், ஆனால் ஒரு காரியமாகப் போகக் கூடாது என்றேன். மீன் பிடிக்கப் போனால் அது யாட்டிங் இல்லை. சாமான் ஏற்றிப் போனாலும் இல்லை. அக்கரைக்குப் போய் இறங்கிக்கொண்டாலும் இல்லை. சும்மா, சந்தோஷத்துக்காகப் போய், புறப்பட்ட துறைக்கே திரும்பி வர வேண்டும். 'கோ யாட்டிங்' என்று சொல்ல வேண்டும்.

"கட்டாயம் திரும்பி வருவாங்களா?" என்று கேட்டார் லாத்தா. வகுப்பு சிரித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா. "எங்க வாப்பா பிரெஞ்சுக்காரங்களோட கப் சான் ஜாக் கடல்ல யாட்டிங் போவாரு. சின்ன வயசுல நானும் கூடப் போயிருக்கேன்" என்று அளந்துவிட்டேன். என் வாப்பா துணிக்கடையில் மூட்டை தூக்கியவர். கடற்கரைக்குப் போனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டார். ஆனால் இருபது பேர் வாயைப் பிளந்து பார்த்தபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு எல்லோரும் வாக்கியம் எழுதினார்கள். லாத்தா எழுதியதை எழுந்து நின்று படித்தார்: "மை சன் கோஸ் யாட்டிங் எவ்ரி சண்டே."

"ரொட்டி வண்டிக்காரங்க மகனுக்கு யாட்டிங்கா? கனவுல கண்டதையெல்லாம் இங்க எழுதக் கூடாது லாத்தா" என்று சொல்லி, அவர் நோட்டில் குறுக்கே கோடு இழுத்தேன். அறையே சிரித்தது. அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த மூன்று வகுப்புக்கு வரவில்லை.

சேதி என் மனைவி ஜுலைகா மூலம் வந்தது. ரொட்டி வாங்கப் போனவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவங்க மகன் ஆஸ்திரேலியாவுல இருக்காராம். யாட்டிங் போறேன்னு கடுதாசி போட்டிருக்காரு. அதைப் பொய்னு கோடு போட்டீங்களாமே. ஆமா, உங்க வாப்பா எந்தக் காலத்துல படகு விட்டாரு? ஊருக்குத்தான் உபதேசம் போல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கே வண்டியடிக்குப் போய் நின்றேன். இரண்டையும் சொல்லிவிட வேண்டும், கோடு போட்டதையும் வாப்பா கதையையும், என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன்.

"லாத்தா, நான் செஞ்சது தப்பு. எல்லாரு முன்னாலயும் உங்களைப் பொய்க்காரியாக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அது கெடக்கட்டும் தம்பி." கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, தகர டப்பாவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வியட்நாமிய மொழியில் எழுதியிருந்தது. நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

"எழுபத்தொம்பதுல, நாட்டை விட்டுத் தப்பிச்சுப் போகட்டும்னு, ரெண்டு புள்ளைங்களையும் நான்தான் ராச் ஜா துறையில படகு ஏத்திவிட்டேன். அமீர் அலி கரையேறிட்டான். படகு முழுகி, நஸீம் பானு கரையேறலை. அவளுக்குப் பதினாறு வயசு. தண்ணியைப் பாத்தாலே கை கால் நடுங்குதும்மான்னு அவன் எழுதுவான். இப்ப ஞாயித்துக்கெழமையானா யாட்டிங் போறேன், சந்தோஷமா இருக்கேங்கிறான். எனக்குத் தூக்கம் இல்லை தம்பி. அதைக் கேக்கத்தான் அன்னிக்கி எந்திரிச்சேன்."

கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினேன்.

"நீங்க போயிருக்கீங்களே. அந்தப் படகு முழுகுமா? பொய்யின்னா கோடு போடுற ஆளு நீங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

போனதே இல்லை லாத்தா, என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"முழுகாது லாத்தா. எத்தனையோ தடவை போயிருக்கேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஒரு பான் மீயில் இரண்டு முட்டை வைத்துக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அங்கேயே நின்று தின்றேன். அவங்க நிம்மதிக்காகச் சொன்னேன் என்று வீட்டில் ஜுலைகாவிடம் சொன்னேன். என் மானத்துக்காகச் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை லாத்தா வகுப்புக்கு வந்துவிட்டார். வந்ததும் நோட்டை நீட்டினார். கோடு போட்ட வாக்கியத்துக்குக் கீழே அதே வாக்கியத்தை மறுபடி எழுதி, கூட ஒரு வரியும் சேர்த்திருந்தார்: 'படகு முழுகாது, என் வாத்தியார் பலமுறை போயிருக்கிறார்.' ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை.

இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பேனாவைத் திறந்து, இரண்டு வாக்கியத்துக்கும் சரி என்று குறி போட்டேன்.