கூட யாருங்க வந்திருக்காங்க?

கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையானவர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். விரட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள். வந்த புதிதில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோது நான் தெரிந்துகொண்டது இது.

எனக்கு விருதுநகர்ப் பக்கம். புருஷனை விட்டுவிட்டு வந்தவள். ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் அப்போதே கேட்கவில்லை. கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் வேலை கிடைத்தது. பக்கத்துத் தெருவில் பெண்கள் விடுதி. வேலை பழகிவிட்டது, தண்ணீர் பழகிவிட்டது. வயிறுதான் மக்கர் செய்தது.

சாப்பிட்டு எழுந்தால் வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிவது போல வலிக்கும். விடுதிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாயு என்று சொல்லி ஊசி போட்டார்கள். அடுத்த தெருக் கிளினிக்கில் அல்சர் என்றார்கள். அங்கேயும் ஊசி. இரண்டு இடத்திலும் என் வயிற்றை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. மறுபடி போனபோது நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. "ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்க. இல்லாட்டி இங்கனயே உக்காந்திருப்பேன்" என்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்தார். எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? கம்பெனியில் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "எங்க ஊட்டுல எல்லாத்துக்கும் அங்கதானுங்க" என்பார்கள். குலதெய்வக் கோயில் மாதிரி இந்த ஊரில் குடும்பத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே டாக்டருக்கு இவர்களைத் தெரியும், நர்ஸுக்கு இவர்கள் மாமாவைத் தெரியும். என்னை யாருக்குத் தெரியும்? விடுதி வாசலில் நின்ற பஸ் எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றதோ அங்கே இறங்கினேன்.

டாக்டர் நல்ல மனிதர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், கல் குழாய்க்குள் இறங்கினால் உயிருக்கு ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள் என்றார். சரி என்று அட்மிஷன் மேஜைக்குப் போனேன். அங்கே ஒரு பெண், சின்ன வயது, சிரித்த முகம்.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல."

"வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காருங்களா?"

"வீட்டுக்காரரு கிடையாது."

"அப்பா, அண்ணன், தம்பி... யாராச்சும்?"

"கல்லு என் வயித்துல இருக்கு. அண்ணன் வயித்துல இல்ல."

"கோவிச்சுக்காதீங்க. அட்டெண்டர் இல்லாம அட்மிஷன் போட முடியாதுங்க. ரூல்ஸ்ங்க."

பணம் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. இவர்களுக்கு வேண்டியது பணம் இல்லை, எனக்குப் பின்னால் நிற்க ஒரு ஆள். அவசரத்துக்கு இன்னொரு நம்பராவது கொடுங்கள் என்றாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அண்ணன் நம்பர் ஒன்றுதான். கொடுத்தேன். "கூப்பிடக் கூடாது" என்றும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அண்ணனை நானே கூப்பிட்டிருக்கலாம். வருவான். வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவான். ஊரில் ஆபரேஷன், மூன்றாம் நாள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுதல். உடம்பு சரியில்லாதபோது பெண்ணை எளிதாகத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். வலியோடு சாவேன், அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று இருந்தேன்.

விடுதி வார்டனிடம் கேட்டேன். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாருக்குங்க பதில் சொல்றது?" என்றார். "அப்படி ஆனா நான் வந்து கேக்கமாட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கம்பெனியில் கோடைக்கால ஆர்டர் குவிந்து கிடந்தது, யாருக்கும் லீவு கிடையாது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே மேஜை, அதே சிரிப்பு, அதே பதில். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எதையாவது தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. எறிய ஒன்றும் இல்லை.

எனக்குப் பின்னாலேயே அதே மேஜையில் இருந்து ஒரு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கறுப்பு முக்காடு, கையில் துணிப்பை.

"ஏனுங்க அம்மணி, உங்களையும் தொரத்திப் போட்டாங்களா?"

"ஆமா. உங்களுக்கு என்ன?"

"கண்ணுல பொரைங்க. உக்கடத்துல நூலு, பட்டன் கடை வச்சிருக்கேன். மெரூன் நூலு கேட்டா காப்பிக் கலரை எடுத்துக் குடுக்கறேன். தையக்காரனெல்லாம் சிரிக்கறான். இங்க வந்தா, கூட ஆளு வேணுமாம்."

"பிள்ளைங்க இல்லையா?"

"பெரியவன் துபாய்ல இருக்கறான். சின்னவன் இங்கயேதான். ஆனா அவன் துபாயைவிடத் தூரம். எப்பக் கேட்டாலும் அடுத்த மாசம்ங்கறான்."

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன். "நான் உங்களுக்கு அட்டெண்டரா வர்றேன். அப்புறம் நீங்க எனக்கு வாங்க" என்றேன்.

கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "ஆளு யாருன்னே தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது."

"நான் உள்ள படுத்திருக்கறப்ப என் பையைத் தூக்கிட்டு ஓடிப்போட்டா?"

"இந்த வயித்தை வச்சுக்கிட்டு எம்புட்டுத் தூரம் ஓடுவேன்?"

வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார். அப்போதே இரண்டு பேரும் எழுந்து மேஜைக்குப் போனோம். அந்தப் பெண் அவருடைய முக்காட்டைப் பார்த்தாள், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணுங்க?"

"தங்கச்சின்னு போடு கண்ணு" என்றார் அக்கா. "பொரை எனக்கு. நீ எதுக்கு இப்படி முழிக்கறே?"

போட்டாள். ஆஸ்பத்திரி விதிக்கு வேண்டியது ஒரு ஆள்தான், அந்த ஆள் யார் என்பதில் அதற்கு அக்கறை இல்லை.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முதலில் முடிந்தது. சொட்டு மருந்து விட, கூட்டிப்போக, கூட்டிவர எல்லாம் நான்தான். அந்த வாரங்களில் கஞ்சியும் இட்லியும் தவிர எதையும் தொடாமல் வலியைத் தள்ளிக்கொண்டு போனேன். கண் தெளிந்ததும் என் முறை.

"ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" என்றாள் மேஜைப் பெண்.

"ஆம்பளை வந்து நின்னா கல்லு தானா உழுந்துருமா கண்ணு?" என்றார் அக்கா.

அட்மிஷன் போட்டாள். கயிறு கோத்த அட்டை ஒன்றைக் கொடுத்து, நோயாளிக்கு ஒரு பாஸ்தான், பாஸ் இல்லாமல் வார்டுக்குள் விடமாட்டார்கள் என்றாள். அக்கா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆபரேஷன். பச்சை அங்கியை மாட்டிவிட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வார்டு வாசலில் கேட்ட குரல் எனக்குத் தெரிந்த குரல். அண்ணன். நான் கொடுத்த நம்பருக்கு மேஜைப் பெண் கூப்பிட்டிருக்கிறாள். 'நல்லதுக்குத்தாங்க கூப்பிட்டேன்' என்று பிறகு சொன்னாள். என் நல்லது எது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"யாரைக் கேட்டு இங்கிட்டு வந்து அறுத்துக்கிற? எந்திரி. ஊர்ல பார்த்துக்கிடலாம். மாப்பிள்ளையும் கார் கொண்டாந்து கீழ நிக்கிறான்."

உள்ளே வரக் காலை எடுத்து வைத்தான். வாட்ச்மேன் குறுக்கே வந்தார்.

"பாஸ் இருக்குதுங்களா?"

"நான் கூடப் பொறந்தவன்யா!"

"இருக்கட்டுங்க. பாஸ் வேணுங்க."

அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். "சத்தம் போடாதீங்க, நோயாளிங்க படுத்திருக்காங்க. பாஸ் ஒண்ணுதானுங்க, அது எங்கிட்ட இருக்குது. கீழ கேண்டீன்ல டீ நல்லாருக்கும். குடிச்சுப்போட்டு உக்காருங்க."

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு நீ யாரு?"

"அட்டெண்டருங்க."

"அதைக் கழட்டிக் குடு."

"நோயாளி சொன்னாக் குடுக்கறனுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை முடிவு செய்ய இத்தனை பேர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அது அக்காகிட்டயே இருக்கட்டும். நீ கெளம்பு" என்றேன்.

"செத்தாலும் எட்டிப் பாக்கமாட்டேன்."

"சாகுறதுக்கா இங்க வந்து படுத்திருக்கேன்? போ."

அப்போதே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. உருட்டிக்கொண்டு போனார்கள். என்னை உள்ளே விடாத விதி அவனையும் உள்ளே விடவில்லை. அதற்காக அந்த விதி நல்லது என்று சொல்லமாட்டேன். அந்த மேஜையில் இருந்து வலியோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்குப் பெஞ்சில் ஒரு அக்கா கிடைத்திருக்கமாட்டார்.

கண் விழித்தபோது அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே என் கற்கள்.

"பாருங்க அம்மணி, காப்பிக் கலரு. மெரூன் இல்ல. எனக்கு நல்லாத் தெரியுது."

அடுத்த நாள் வாட்ச்மேன் ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். போகும்போது அண்ணன் கொடுத்துவிட்டுப் போனதாம். வார்டில் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னேன். அக்கா ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினார். "பழம் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். வீம்புதான். தையல் போட்ட இடம் வலித்தது. பழைய வலி இல்லை.