மூணாவது தடவை

எண்ணூரில் குளுக்கோஸ் பாட்டில் செய்கிற கம்பெனியில் நான் பெருக்கப் போவேன். அங்கே தரம் பார்க்கிற பொண்ணு ஒருத்தி இருந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே மீன் ஓடுகிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

புது மிஷின் வந்தது. தொடர்ந்து மூணு தடவை ஓட்டி, மூணும் குறையில்லாமல் வந்தால்தான் அதை நம்பலாமாம். அப்போதான் அவளுக்கும் வேலை நிரந்தரமாம். ரெண்டு தடவை நன்றாக வந்தது. மூணாவதில் ஒரு பாட்டிலை அழுத்திப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்குப் பேசக் கூச்சம். இருந்தும் கேட்டேன்.

"இன்னா கண்ணு?"

"மூடியாண்ட கசியுது ஆயா. ஒரு சொட்டு."

"தொடச்சிட்டுப் போயேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"உனுக்குத் தெரிஞ்சிபோச்சே!" என்று சிரித்தாள். "மறுபடி மொதல்லேர்ந்து மூணு வாட்டி ஓட்டணும் ஆயா."

"அப்போ உன் வேலை?"

அவள் கையை நீட்டி மிஷினை நிறுத்தினாள்.

அத்தனை நாளும் மிஷின் சத்தத்துக்கு அடியில் கடல் இருந்தது எனக்குத் தெரியாது. அலைச் சத்தம் மெதுவாக உள்ளே வந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த வாரமே என்னை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். மிஷினை நிறுத்தின அந்த நேரம் அவளுக்குப் பயமா, நிம்மதியா என்று இன்னைக்கும் யோசிக்கிறேன்.