பால்பவுடர் டின்னில் வந்தது

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் கிடையாது. பத்தாவதோடு நின்றவள். அரிசி மண்டியில் பில் போட்ட கை இது. பொன்னி, புழுங்கல், பச்சரிசி என்பதற்கு மேல் நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிற ஆள். காகிதம் திரும்பிப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், எனக்குத் தெரியவா போகிறது.

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் படியேறிக்கொண்டிருந்தேன். யார் வீட்டிலோ உருளைக்கிழங்கு வேகும் வாசனை. கூட வந்த மூன்றாவது மாடிப் பெண் சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, பாம்பு கொட்டாவி விட்டா இந்த ஸ்மெல்தான் வருமாம். எங்கம்மா சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு, படிக்கட்டு ஓரம் வைத்திருந்த பூந்தொட்டிகளை ஒரு தரம் நோட்டம் விட்டாள். நான் சிரித்து வைத்தேன். பாம்பு கொட்டாவி விடுவதை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பார்த்தவள் நான். அதுவும் ஒரு தடவை இல்லை. உருளைக்கிழங்கு வாசனை வந்ததே கிடையாது. இரையை விழுங்கி முடித்ததும், நெகிழ்ந்துபோன தாடையைப் பழையபடி பொருத்திக்கொள்வதற்காக அது வாயைத் திறக்கும். மெதுவாக, நாம் பார்க்கிறோமே என்ற எண்ணமே இல்லாமல். உள்ளே வெளிறிய ரோஜா நிறம். பிறகு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னால் மறுபடி என்னோடு படியேறுவாளா என்ற சந்தேகத்தில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். சேலையூரில் கல்நார் கூரை போட்ட இரண்டு அறை வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா இல்லை. அக்காவை ராயபுரத்தில் கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம், எட்டு மாதம் ஆளே இருக்க மாட்டார். வந்தால் சோப்பு, சென்ட், சாக்லேட் என்று ஒரு பெட்டி. அந்தத் தடவை மட்டும் ஒரு பெரிய பால்பவுடர் டின்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் கட்டைவிரல் தடிமனில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுருண்டு கிடந்தது.

போவா என்று பெயராம். தென் அமெரிக்காப் பக்கம் ஏதோ துறைமுகத்தில் ஒருவன் விற்றானாம். விஷம் கிடையாது, மலைப்பாம்பு மாதிரி சுற்றி நெரிக்கும் ஜாதி, நம் ஊர் வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்றெல்லாம் மாமா சொன்னார். அக்கா மாசமாக இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் பாம்பை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவள் மாமியார் கத்தியதில் டின் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மாமா என்னிடம்தான் கொடுத்தார். நான் பேச மாட்டேன், அதனால் முடியாது என்றும் சொல்ல மாட்டேன் என்று கணக்குப் போட்டிருப்பார்.

அம்மா கெடு வைத்தாள். "உங்க மாமன் அடுத்த தபா வர்ற வரைக்கும்தான் பாப்பா. அப்பறம் அது இருக்கணும், இல்ல நா இருக்கணும்."

நான் வாங்கிப் பார்த்தேன். கையில் வைத்ததும் அது விரல்களுக்கு நடுவே நழுவிப் போய், மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வளையல் கடைக்காரர் அளவு பார்க்கிற மாதிரி மெல்லிய ஒரு இறுக்கம். நான் கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டேன். பயத்தால் அல்ல.

சமையலறையில் அம்மாவின் கம்பி வலை அடித்த சாமான் பீரோ ஒன்று இருந்தது, பூனைக்குப் பயந்து பாலும் கருவாடும் வைப்பதற்கு. அதன் கீழ்த் தட்டைக் காலி செய்தோம். குடிக்கவும் முங்கிக் கிடக்கவும் ஓர் அலுமினியச் சட்டி. ஒரு வேப்பங்கிளை. குளிர் காலத்துக்கு ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு. இரைக்கு மண்டி இருந்தது. அரிசி மண்டியில் எலிக்குப் பஞ்சமா? முதலில் கண் திறக்காத குஞ்சு, பிறகு சுண்டெலி, பிறகு முழு எலி. உயிரோடு போட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்று மாமா எச்சரித்திருந்தார். பொறியில் விழுந்ததை மண்டியிலேயே தண்ணீரில் முக்கிவிட்டு, காகிதத்தில் சுற்றி எடுத்து வருவேன். மூட்டை தூக்கும் ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டு விடவே இல்லை.

"இன்னாக்கா, டெய்லி எலிய எட்துகினு போற. கொயம்பா, வறுவலா?"

"பூனைக்கு" என்றேன். அந்தப் பூனையை ஏகாம்பரம் பிறகு பார்த்ததும், ஒரு வாரம் என் மேஜைப் பக்கமே வராததும் தனிக் கதை.

வந்து ஒரு மாதம் இருக்கும். பாம்பு சாப்பிடுவதை நிறுத்தியது. உடம்பு மங்கி, அடுப்படிச் சுவர் போலச் சாம்பல் பூத்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், இரண்டு கண்ணும் வெள்ளையாக இருந்தது. பாலில் நீலம் கலந்த மாதிரி. விரலை ஆட்டினேன், கவனிக்கவில்லை. குருடாகிவிட்டது, இனிப் பிழைக்காது என்று முடிவு செய்து உட்கார்ந்து அழுதேன். யாரைக் கேட்பது? கிண்டியில் பாம்புகள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். காக்கி உடுப்புக்காரர் ஒருவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் மலைப்பாம்புத் தொட்டி பக்கத்திலேயே நின்றுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். என் லட்சணம் அப்படி.

வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை. கொஞ்ச நேரத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். அம்மன் கோயிலில் கண்மலர் சாற்றுவதாக வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணில் கோளாறு என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வெள்ளித் தகட்டில் கண் மாதிரி வெட்டி விற்பார்கள், வாங்கி அம்மன் காலடியில் வைப்பது. வேண்டுதலோடு ஓர் அர்ச்சனையும் செய்திருக்கிறாள். பூசாரி பெயர் கேட்டிருக்கிறார். போவா என்பது அம்மா வாயில் அதற்குள் பூவாவாகியிருந்தது, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்வோமே அது. "பூவா" என்றிருக்கிறாள். நட்சத்திரம் கேட்டதும் யோசித்து, பாம்பு நட்சத்திரம் என்று ஆயில்யத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"ஆணா, பொண்ணாம்மா?" என்று அவர் கேட்டாராம்.

"அது இன்னும் தெரிலிங்க" என்றாளாம் இவள்.

பூசாரி அம்மாவின் வயிற்றைப் பார்த்தாராம். அம்மாவுக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு காலை நேரம், பாம்பு வேப்பங்கிளையில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. உதட்டோரம் தோல் பிரிந்தது. அதன் பிறகு நடந்ததை நானும் அம்மாவும் பீரோ முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். காலுறையைத் தலைகீழாக உருவுகிற மாதிரி, தன் பழைய தோலைவிட்டுத் தானே நடந்து வெளியே வந்தது. கண்ணின் மேலிருந்த வெள்ளையும் சேர்ந்து போனது. பாம்புக்கு இமை கிடையாது, கண் மேலும் ஒரு தோல்தான், சட்டை உரிக்கும் முன்னால் அது வெளுக்கும் என்பதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்? உள்ளேயிருந்து வந்தது வேறு பாம்பு. செப்பும் காப்பிக்கொட்டையும் கலந்த நிறம், வால் பக்கம் செங்கல் சிவப்பு. ஜன்னல் வெயில் பட்ட இடத்தில் மயில் கழுத்து மாதிரி ஒரு மினுக்கு, நகர நகர அதுவும் நகர்ந்தது.

அம்மா உரிந்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "வேண்டிக்கினு பொழைக்க வெச்சது. இத இனிமே எங்க கொண்டுபோய் உட்றது" என்றாள். அதோடு கெடு ரத்தானது. கண்மலர் சாற்றினாள். தோல் விஷயம் புரிந்த பிறகும், அது வெறும் தோல்தானே என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அவளும் தோல் என்று தெரியாதவள் இல்லை.

அப்புறம் அது வளர்ந்ததைப் பற்றி என்ன சொல்ல? பீரோவின் கீழ்த் தட்டு போதாமல் மேல் தட்டு, பிறகு தட்டுகளையே எடுத்துவிட்டு முழு பீரோ. கார்த்திகை மழையில் கரண்ட் போனால் அம்மா செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, கோணியில் சுற்றி பீரோ அடியில் தள்ளுவாள். இரை எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் யாரும் தொடக் கூடாது. தொட்டால் கக்கிவிடும் என்பதை ஒரு தடவை கக்க வைத்துத்தான் கற்றுக்கொண்டோம். அம்மா கொழுகொழுவென்று வளர்க்கப் பார்ப்பாள், நான் தடுப்பேன். அதன் வயிற்றுக்கடியில், வால் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் நகம் போலச் சின்ன முள் ஒன்று இருந்தது. எப்போதோ கால் இருந்ததற்கு அடையாளம் என்று மாமா சொன்னார். எத்தனை காலத்துக்கு முன்னால் தொலைந்த காலோ. அதைத் தடவும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். கோயிலில் தீபாராதனை காட்டும்போது வருமே, அது.

நாலைந்து வருடத்தில் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீண்டுவிட்டது. என் தொடை கனம். தோளில் போட்டால் தூங்குகிற குழந்தையின் பாரம். பக்கத்து வீட்டு மேரி அக்கா மட்டும் எங்கள் வாசலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வார். ஆனால் அவர் வீட்டுப் பொறியில் விழும் எலி தவறாமல் எங்களுக்கு வந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் மாமா கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்தார். கூடவே ஒரு ஆளை அழைத்து வந்தார். சினிமாவுக்குப் பாம்பு சப்ளை செய்கிறவராம். சாமிப் படங்கள் நிறைய வந்துகொண்டிருந்த சமயம். இவ்வளவு பெரிய, கடிக்காத பாம்பு என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று மாமா சொன்னார். பயம் ஒன்றும் இல்லை, ஷூட்டிங் அன்றைக்கு வாயில் இரண்டு தையல் போட்டுவிடுவோம் என்றார் அந்த ஆள், சட்டைக்குப் பொத்தான் தைப்பதைப் போல. அம்மா என்னைப் பார்த்தாள். மருமகனிடம் அவள் மறுத்துப் பேசியதே இல்லை. நான் யாரிடமுமே பேசியதில்லை.

"குடுக்க முடியாது மாமா" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இன்னா பாப்பா, நாந்தான கொண்டாந்தேன்?"

என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவைத் திறந்துவிட்டேன். அது தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி எங்கள் எல்லோரையும் முகர்ந்தது. பிறகு அவசரமே இல்லாமல் இறங்கத் தொடங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தலை அந்த ஆளின் காலருகே வந்தபோதும் பாதி உடம்பு உள்ளேதான் இருந்தது. சிவப்புத் தரையில் வாசல் வெயில் விழுந்திருந்தது. சட்டை உரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மினுக்கு தலையிலிருந்து வால் வரை ஓடியது. அதன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ஆள் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையை அதன் முதுகில் வைத்தார். ஆயுசு முழுக்கப் பாம்பு பிடித்த கை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கைல கீறதெல்லாம் எலும்புந்தோலும் சார்" என்று மாமாவிடம் சொன்னார். "இத்த தெய்க்க எனுக்குக் கை வராது. வுட்ருங்க."

காப்பி குடிக்காமலே போய்விட்டார். மாமா இரண்டு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எனக்குக் கல்யாணமாகி அஸ்தினாபுரம் போன பிறகும் அம்மாதான் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போவேன். தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவுக்கு இடுப்பு விழுந்தது. பாம்பைத் தூக்க முடியவில்லை. சுற்றிலும் வீடுகள் வந்து, ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. அம்மாவே ஒரு நாள் வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாள். இரண்டு பேர் ஜீப்பில், நனைத்த கோணியோடு வந்தார்கள். அவர்கள் நெருங்கும்போது பாம்பு சட்டியில் வாய் வைத்திருந்தது. அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். பாம்பு தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நாக்கால் நக்காது. வாயைத் தண்ணீரில் பதித்துவிட்டு அசையாமல் இருக்கும். கழுத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு மெல்லிய ஏற்ற இறக்கம். அது குடித்து முடிக்கிற வரைக்கும் அந்த இரண்டு பேரும் கோணியை விரித்தபடி நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு போய்ப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். ஒரு தடவை பார்த்தோம். நன்றாக இருந்தது. எங்களைத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் இருந்த அத்தனை வருடமும் அதற்கு எங்களைத் தெரிந்திருக்காது. நாங்கள் ஒரு சூடு, ஒரு வாசனை, அவ்வளவுதான். அது எனக்குக் குறையாகவே படவில்லை. மழைக்கும் நம்மைத் தெரியாதுதானே.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி. மண்டி மூடி, அங்கே செல்போன் கடை. படங்களில் வருவது கம்ப்யூட்டர் பாம்பு, யாரும் எதையும் தைக்க வேண்டியதில்லை. மேரி அக்கா மகனோடு வெளியூர் போய்விட்டார். அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவளுக்குக் கடைசிவரை கண்ணாடி இல்லாமலே கண் தெரிந்தது.

ஜீப் போன அன்று ராத்திரி அம்மா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடம் நான் பிடித்தேன், இரண்டு குடம் அம்மா பிடித்தாள், தூக்கி வந்தது நான். பாம்புச் சட்டிக்கென்று ஐந்தாவது குடம் தேவைப்படவில்லை.