கழுவாத வெள்ளைக் கார்

காலையில் சாவியோடு வந்து நின்றாலும் என் நாத்தனார் உடனே காரில் ஏறிவிட மாட்டார். முதலில் பானட்டின் மேல் விரலை வைத்து ஓர் இழுப்பு. அந்த விரலை மோந்து பார்ப்பார். பிறகு அதைக் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டிப் பிரிப்பார். “பிசின் இல்ல. எச்சம் ரெண்டே ரெண்டு. தேறும்மா, இது தேறும்” என்று பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். அதுவரை நான் கைப்பையோடு கால் மாற்றி நிற்க வேண்டும்.

கார் நிறுத்தும் இடங்களில் நிழலுக்கு எந்த மரம் வைக்கலாம் என்று சொல்வது அக்காவின் தொழில்; நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எந்த மரமானாலும் சரி, ஊரில் ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் அடியில் தன் காரை ஏழு ராத்திரி நிறுத்திப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். கறை தெரிய வேண்டும் என்றே வெள்ளைக் காராக வாங்கினார். நாவல் மரத்தடியில் நின்ற வாரம் வண்டி ஊதாப் புள்ளியோடு அம்மை போட்டது போல இருந்தது. வாதாம் மரத்தடியில் இலை கொட்டிக் கண்ணாடியே மூடிப்போயிற்று.

ஏழு நாள் முடியும்வரை வண்டியை யாரும் துடைக்கக் கூடாது. அவருடைய தம்பி, அதாவது என் கணவர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒருமுறை ஐந்தாம் நாளே கழுவி வைத்துவிட்டார். “உன்னை யாருடா கேட்டா? என் நோட்டையே கிழிச்சிப் போட்டுட்டியே!” மூன்று நாள் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மரத்துக்கு மறுபடியும் முதல் ராத்திரியிலிருந்து ஆரம்பம்.

இந்தக் கோலத்தில் இருக்கும் காரில்தான் நான் தினமும் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய் இறங்குகிறேன். மானம் போகிறது.

இப்போது அதே மருத்துவமனையில் புதிதாகக் கார் நிறுத்துமிடம் கட்டுகிறார்கள். பழைய இடத்தில் ஒரு மரம் கிடையாது. நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டுக் குடும்பங்கள் மணிக்கணக்கில் வண்டிக்குள்ளேயே காத்துக் கிடக்கும். போன வெயிலில் ஒரு கைக்குழந்தை துவண்டுபோய், அதன் அம்மா தூக்கிக்கொண்டு ஓடிவந்ததை நானே பார்த்தேன். நான்தான் அக்காவை நிர்வாக அதிகாரியிடம் அழைத்துப் போனேன்.

பன்னிரண்டு மரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டடி அகலக் குழி என்று அதிகாரி வரைபடம் வைத்திருந்தார். அக்கா ஆறடி கேட்டார். கொடுத்தால் ஒன்பது கார் நிறுத்தும் இடம் போகும்.

“ஒன்பதா? மேலிடத்துல என் தோலை உரிச்சிடுவாங்க மேடம். ரெண்டடியில முடிங்க. முடியாதுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்.”

ஆறு மாதமாக அக்காவுக்கு வேறு வேலை வரவில்லை. ஒத்துக்கொள்ளட்டும் என்று மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

“தாராளமா பாருங்க சார். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் என்கூட வாங்க.”

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் சந்தையின் கார் நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப்போனார். உள்ளே சிமென்ட் தரைக்கு நடுவே பத்துப் புங்க மரங்கள், மணிக்கட்டுப் பருமனில், உச்சி காய்ந்து நின்றன. அவற்றின் அடியில் ஒரு வண்டியும் இல்லை. கழிப்பறைச் சுவருக்கு வெளியே குடை விரித்து நின்ற ஒற்றைப் புங்க மரத்தடியில்தான் எல்லா வண்டிகளும் முண்டியடித்தன. ஆறு ராத்திரியாக எங்கள் காருக்கும் அதுதான் இடம். அக்கா அங்கேயே ஒரு சந்து பார்த்து நிறுத்தினார்.

“உள்ள இருக்கிற பத்தையும் வச்சது நான்தான் சார். பன்னெண்டு வருஷமாச்சு. ரெண்டடி போதும்னாங்க. வேலை கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு நானும் தலையாட்டிட்டேன்.”

“அப்ப இந்தப் பெரிய மரம்?”

“அதே நாள், அதே கன்னுதான். ஒண்ணு மிஞ்சிச்சு. தூக்கிப்போட மனசு வரல. இங்க வெறும் மண்ணுல நட்டுட்டுப் போயிட்டேன்.”

எனக்கே இது தெரியாது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ‘எந்தப் புண்ணியவான் வச்ச மரமோ’ என்று அந்தப் பத்தையும் காட்டி நான் கேலி செய்வேன். அக்காவும் உம் கொட்டிக்கொண்டே ஓட்டுவார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி உள்ளே போய் ஒரு குச்சி மரத்தைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. திரும்பி வந்து பையிலிருந்து வரைபடத்தை எடுத்தார்.

“எந்த ஒன்பதுன்னு காட்டுங்க.”

விரித்து வைக்க இடம் தேடினார். எதிரே எங்கள் கார்தான். பானட் முழுக்க ஆறு நாள் பூவும் தூசியும் எச்சமும். காகிதத்தோடு கை தயங்கியது. கணக்குப்படி இன்னும் ஒரு ராத்திரி பாக்கி.

அக்கா தோளிலிருந்து துப்பட்டாவை உருவி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பானட்டைத் துடைத்துவிட்டார்.